சேகர் சித்தப்பாவை எந்தக் கணக்கில் எழுதுவது?

என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், பழப் பையை மேசையில் வைத்த கையோடு, ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இப்போதெல்லாம் சின்ன வயசுப் பிள்ளைகள், அதுவும் ஓடியாடி விளையாடுகிற பிள்ளைகள், ஏன் இப்படித் திடீர் திடீரென்று விழுந்து இறந்துபோகிறார்கள்? கேட்டுவிட்டுப் பதிலையும் அவர்களே சொன்னார்கள். ஒருவர் கொரோனா தடுப்பூசி என்றார். ஒருவர் பாக்கெட் சாப்பாடு என்றார். அம்மாவின் தோழி ஒருத்தி எல்லாவற்றுக்கும் கைப்பேசிதான் காரணம் என்று சொல்லும் காணொளியை என் கைப்பேசிக்கே அனுப்பி வைத்தார். நெஞ்சில் ஒயர்களோடு படுத்திருப்பவளுக்கு இதையெல்லாம் அனுப்பலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறேன், நேரம் நிறைய இருக்கிறது. அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலைச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பதில் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும்.

என் பெயர் மீனா. வயது இருபத்தெட்டு. கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. அதைவிட முக்கியமாக, உயர்நிலைப் பள்ளியிலிருந்தே நான் ஓட்டக்காரி. நடுத்தர தூரம். பதக்கங்கள், நகரின் வடகோடியில் செம்பவாங்கில் இருக்கும் எங்கள் வீட்டில், தொலைக்காட்சிக்கு மேலே தொங்குகின்றன. அம்மா அவற்றைத் துடைத்துக்கொண்டே, "இதுல ஒண்ணாச்சும் தாலிக்குத் தேறுமா?" என்று கேட்பார்.

ஒரு சனிக்கிழமை காலை, மைதானத்தில் பயிற்சி. கடைசிச் சுற்றில் வளைவைத் தாண்டியபோது சத்தமெல்லாம் தூரமாகப் போனது. அடுத்து எனக்குத் தெரிந்தது வானமும், என் மேல் குனிந்திருந்த பயிற்சியாளரின் வெளுத்த முகமும்தான். கொஞ்ச நேரம் நினைவே இல்லையாம். நான் எழுந்து, "காலையில சாப்பிடல கோச், அவ்வளவுதான்," என்றேன். அதற்கு முன்னாலும் பந்தயம் முடிந்து தலைசுற்றி உட்கார்ந்ததுண்டு. ஒவ்வொரு தடவையும் சாப்பிடாததுதான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அவர் என் பேச்சைக் கேட்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

அவசரப் பிரிவில் முதலில் ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சிலும் கைகாலிலும் பட்டைகளை ஒட்டி, இதயத்துக்குள் ஓடும் மின்சாரத்தைக் கோடாக வரைகிற சோதனை. பிறகு ரத்தம். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிந்து வரும் ஒரு பொருளை அதில் தேடுவார்களாம். என்னைத் தாண்டித் தாண்டிப் போன தாள்களை ஒருவர் முகம் மாறாமல் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த இரண்டாவது ஆள் வந்தபோதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

வார்டுக்கு மாற்றினார்கள். எதிர்க் கட்டிலில் ஒரு சீனப் பாட்டியம்மா. எனக்கும் அவருக்கும் பொது மொழி எதுவுமில்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டைத் திறந்து பார்க்கும்போது இருவர் முகமும் ஒரே மாதிரி போனது, அதில் சிநேகமாகிவிட்டோம். மறுநாள் எக்கோ. கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிற அதே மாதிரி ஸ்கேன், வயிற்றுக்குப் பதில் இதயம். குளிர்ந்த களிம்பைத் தடவி, கருவியை விலா எலும்புக்கு நடுவில் அழுத்துவார்கள். திரையில் என் இதயம் திறந்து மூடுவதைப் பார்த்தேன். இத்தனை வருடம் இதை நம்பித்தானே ஓடினேன் என்று நினைத்ததும் அழுகை வந்தது. பிறகு எம்ஆர்ஐ. குழாய்க்குள் தள்ளிவிட்டு, மூச்சை இழு, பிடி, விடு என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வெளியே தகரக் கொட்டகையில் மழை பெய்வதுபோல ஒரு சத்தம்.

டாக்டர் நிர்மலா வந்தார். யாழ்ப்பாண வழிக் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் கொஞ்சம் தடுக்கும். ஆனாலும் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் இருந்தால் விடாப்பிடியாகத் தமிழில்தான் பேசுவார்.

"மீனா, உங்க ஹார்ட் சுவர் கொஞ்சம் தடிப்பா இருக்கு. இது ரெண்டுல ஒண்ணு. நிறைய ஓடுறவங்களுக்கு ஹார்ட் பெருசாகும், சுவர் கொஞ்சம் தடிக்கும். அது நோய் இல்ல. ஓட்டத்தை நிறுத்தினா சில மாசத்துல இறங்கிடும். இன்னொண்ணு, குடும்பத்துல வழிவழியா வர்றது. தசை தானா தடிச்சுப்போகும். அதுக்குள்ள கரண்ட் தப்பான ரூட்ல சுத்த ஆரம்பிச்சா, ஹார்ட் அடிக்காது. நடுங்கும்."

"நடுங்கினா?" என்று அம்மா கேட்டார்.

"ரத்தம் போகாது, ஆன்ட்டி. உடனே யாராவது நெஞ்சை அமுக்கி, மெஷின் வெச்சு ஷாக் கொடுக்கலேன்னா..."

நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். எம்ஆர்ஐயில் மெல்லிய தழும்பு போல ஏதோ தெரிந்தது, ஆனால் அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றார். முதலாவது என்றால் ஓட்டத்தை நிறுத்தி வீட்டுக்குப் போகலாம், சில மாதம் கழித்துத் திரும்பிப் பார்க்கலாம். இரண்டாவது என்றால் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைக்க வேண்டும், பந்தயத்தை மறந்துவிட வேண்டும். தப்பாக முடிவெடுத்து வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த தடவை நான் எழாமலே போகலாம். இதை அவர் ஒளிக்காமல் சொன்னார். அதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

"உங்க ஃபேமிலியில யாராவது சின்ன வயசுல, நாப்பதுக்குள்ள, திடீர்னு இறந்திருக்காங்களா?"

"இல்ல டாக்டர்," என்றார் அப்பா.

"எங்க பக்கமும் இல்ல," என்றார் அம்மா. "எல்லாரும் நல்லா இருந்து எங்களைப் படுத்தி எடுத்துட்டுத்தான் போனாங்க."

நானும் தலையை ஆட்டினேன். மூவரும் மனதறிந்து பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் வீட்டுக்குப் போய்க் காத்திருந்து பார்க்கலாம் என்ற பக்கமே டாக்டர் சாய்ந்தார். இன்னும் ஒரு நாள் இதயத் துடிப்பைக் கண்காணித்துவிட்டு முடிவு சொல்வதாகப் போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த சீசனுக்குள் திரும்பிவிடலாம் என்று மனக்கணக்கே போட்டுவிட்டேன்.

அன்று பிற்பகல் ராஜம் அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. நகரின் கிழக்குக் கோடியான பாசிர் ரிஸ்ஸிலிருந்து ரயில் மாறி மாறி, பிளாஸ்கில் மிளகு ரசத்தோடு வந்திருந்தார். மருத்துவமனைச் சாப்பாட்டைத் திட்டினார், என் கையைத் தடவினார், பிறகு அதே கேள்விக்கு வந்தார்.

"எங்க காலத்துல இப்படியெல்லாம் இல்ல லா. நாங்க ஓடியாடி வளரலையா? எந்தப் பிள்ளை விழுந்துச்சு? இப்பத்தான், தினம் ஒண்ணு போன்ல வருது." உடனே கண்ணை மூடிக் கைகூப்பினார். "முருகா, சேகரைத்தான் உன்கூட வெச்சுக்கிட்ட. என் மருமகளையாச்சும் விட்டியே."

நான் ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

சேகர் சித்தப்பா அப்பாவின் தம்பி. நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு, தைப்பூசத்தன்று காவடி எடுத்துப் போகும்போது வழியிலேயே போனவர். எங்கள் வீட்டில் அவர் படம் இறந்தவர்கள் படங்களோடு இருக்காது. சாமி மேடையில், முருகனுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அவர் பெயரில் பால்குடம் எடுப்போம். "முருகன் கூட்டிக்கிட்டார்" என்றுதான் சொல்வார்கள். அந்த வீட்டில் "இறந்தார்" என்ற சொல்லை அவருக்கு யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. டாக்டர் கேட்டபோது நாங்கள் மூவரும் இறந்தவர்களை நினைத்துப் பார்த்தோம். அந்த வரிசையில் அவர் இல்லை.

"அத்தை, சித்தப்பாவுக்கு அதுக்கு முன்னாடி உடம்புக்கு ஏதாவது முடியாம இருந்துச்சா?"

"அவனுக்கா? குதிரை மாதிரி இருந்தான். டாக்யார்ட் பையன்களோட தினம் ஃபுட்பால். எப்பவாச்சும் ஆடிட்டு வந்து, தலை சுத்துதுன்னு படியில உக்காருவான். சாப்பிடாம ஆடினா அப்படித்தான்னு எங்கப்பா திட்டுவாரு."

அத்தை ரசம் ஆறுகிறது என்றார்.

சாயங்காலம் அப்பா வந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் செம்பவாங்கில் ரயில் ஏறி, லிட்டில் இந்தியாவில் இறங்கித் தேக்கா சந்தையில் தோசை வாங்கிக்கொண்டு மறுபடி ரயிலேறி வருவார். இங்கேயே தருகிறார்களே என்றால், "அது தோசை இல்ல, துணி" என்பார். சட்னிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அப்பா, டாக்டர்கிட்ட சித்தப்பாவைப் பத்திச் சொல்லணும்."

"அவனைப் பத்தி என்ன?"

"சின்ன வயசுல திடீர்னு இறந்தவங்க யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டாங்கல்ல."

"அவன் சாகல," என்றார் அப்பா. கோபமே இல்லை, தெரியாதவளுக்கு எடுத்துச் சொல்கிற குரல். "சாமிகிட்ட போனான். அது வேற."

"அவருக்கும் எனக்கும் ஒரே வியாதியா இருந்தாப்பா?"

அப்பா பொட்டலத்தைக் கீழே வைத்தார். "நான் பக்கத்துல நின்னேன் மீனா. அவன் முகத்தைப் பாத்தேன். அது வியாதி முகமா?"

என்னை உண்மையாகவே கேட்டார். பிறகு, சாப்பிடு என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

நானே டாக்டரிடம் சொல்லியிருக்கலாம், ஒரு வரிதான். ஆனால் அப்பா தம்பியைப் பறிகொடுத்துவிட்டு இத்தனை வருடம் அழாமல் இருந்தது அந்த ஒரு நம்பிக்கையால்தான். சாமி கூட்டிக்கொண்டவனை நோயாளியாக்கி அவர் கையில் திருப்பிக் கொடுப்பதற்கு நான் யார்? அதே சமயம் எனக்கு வாழ வேண்டும் என்று ஆசையாக இருந்தது. வெட்கமில்லாமல், அவ்வளவு ஆசையாக இருந்தது. காலையில் எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அப்பா என்னோடு பேசாமல் போனாலும் சரி என்று நினைத்து, போர்வைக்குள் அழுதேன்.

மறுநாள் டாக்டர் சுற்றுக்கு வருவதற்கு முன்பே அப்பா கட்டில் அருகில் நின்றார். பார்வையாளர் நேரமே ஆகவில்லை. மிஸ்ஸியிடம், அதாவது எங்கள் வார்டு நர்ஸிடம், எப்படியோ கெஞ்சி உள்ளே வந்திருக்கிறார். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். முகம் தூங்காத முகம்.

"டாக்டர், நேத்து நீங்க கேட்டதுக்கு இல்லைன்னு சொன்னேன். இருக்கு. என் தம்பி. இருபத்து மூணு வயசு." அங்கே நிறுத்தினார். பிறகு, "செத்துட்டான்," என்றார்.

அந்தச் சொல்லைச் சொல்ல அவர் வாய் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

"காவடி எடுத்து வந்தான். நடுவழியில விழுந்தான். அருள் வந்திருக்குன்னு எல்லாரும் அரோகரா போட்டோம். விபூதி பூசினோம். காவடி கீழ படக்கூடாதுன்னு நான் காவடியைப் புடிச்சேன் டாக்டர். அவனைப் புடிக்கல."

டாக்டர் நிர்மலா நின்றபடியே எழுதிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவை உட்கார வைத்து, தானும் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மூச்சு இருந்துச்சா அங்கிள்?"

"இழுத்து இழுத்து விட்டான். சாமி வந்த மூச்சுன்னுதான் நினைச்சோம்."

"எல்லாரும் அதுல ஏமாந்துதான் போறாங்க. ஹார்ட் நின்ன பிறகும் கொஞ்ச நேரம் உடம்பு அப்படி இழுக்கும். ஃபீல்டுல விழுந்தா, வலிப்புன்னு நினைச்சு சாவியைக் கையில கொடுப்பாங்க. இன்னைக்கும் கொடுக்குறாங்க. அது உங்க தப்பு இல்ல."

"அன்னைக்கு யாராச்சும் நெஞ்சை அமுக்கியிருந்தா?"

"தெரியாது அங்கிள். பொழைச்சிருக்கலாம், பொழைக்காமயும் போயிருக்கலாம். அப்ப ரோட்டுல மெஷின் எதுவும் கிடையாது. ஆனா ஒண்ணு தெரியும். நீங்க இன்னைக்கு வந்து சொன்னதால, உங்க மகளுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெளிவாயிடுச்சு."

கருவி வைப்பது என்று அன்றே முடிவானது. மயக்கம், தழும்பு, அதோடு குடும்பத்தில் ஒரு திடீர் மரணம். மூன்றும் சேர்ந்த பிறகு காத்திருந்து பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

வந்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வியை அப்போதுதான் நான் டாக்டரிடம் கேட்டேன். உண்மையாகவே இது கூடிக்கொண்டு போகிறதா?

"எல்லாரும் கேக்குறாங்க," என்று சிரித்தார். "பெருசா கூடிடுச்சுன்னு சொல்ல நல்ல ஆதாரம் இல்ல, மீனா. ஒழுங்கா கணக்கு வெச்ச சில இடத்துல குறைஞ்சிருக்குன்னுகூடச் சொல்றாங்க. மெஷின் பக்கத்துல இருக்கு, அமுக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க. ஆனா நிறைய நாட்டுல சரியான கணக்கே கிடையாது, அதனால நான் சத்தியம் பண்ண மாட்டேன். முன்னாடி ஒரு பையன் விழுந்தா அந்தத் தெருவுக்குத்தான் தெரியும். இப்ப விழுறதுக்குள்ள வீடியோ வந்துடுது." பிறகு அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பழைய கணக்கோட ஒப்பிடணும்னா, அன்னைக்குப் போனவங்க எல்லாரும் அந்தக் கணக்குல இருக்கணும்ல? உங்க சித்தப்பா எந்தக் கணக்குல இருக்காரு?"

தடுப்பூசியைப் பற்றியும் கேட்டேன். ஊசிக்குப் பிறகு சிலருக்கு, அதிகமும் இளைஞர்களுக்கு, இதயத் தசை வீங்கியது உண்மைதான் என்றார். அபூர்வம், பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிட்டது. என்னுடையது அதுவல்ல, பிறக்கும்போதே கூட வந்தது. சித்தப்பா காலத்தில் அந்த ஊசியே இல்லையே.

கருவியை இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில் வைத்தார்கள். சின்னத் தீப்பெட்டி அளவு. அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் போகிறது. சும்மா பார்த்துக்கொண்டே இருக்கும். இதயம் நடுங்க ஆரம்பித்தால் தானே ஷாக் கொடுத்து வழிக்குக் கொண்டுவரும். ஆயுசுக்கும் கூடவே இருக்கும் காவல்காரன். அவன் ஒருநாளும் வேலை செய்யாமல் சும்மாவே சம்பளம் வாங்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மருத்துவமனைக் கணக்கைப் பற்றி அப்பாவும் அம்மாவும் திரைக்கு வெளியே நின்று கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது. சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த மருத்துவச் சேமிப்பு, அந்த மெடிசேவ், எவ்வளவு கட்டும், மீதி யார் கட்டுவது.

"வீட்டை வித்தாலும் பரவால்ல," என்றார் அப்பா.

"வித்துட்டு எங்க படுப்பீங்க? பஸ்லயா?" என்றார் அம்மா. மறுநாள் அம்மாவே முகப்பில் இருந்த அதிகாரியிடம் உட்கார்ந்து, உதவித்தொகை என்று இருப்பதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு வந்தார். வந்தவர் முகத்தில் இருந்த வெற்றியைப் பார்த்தபோது என் பதக்கமெல்லாம் ஒன்றுமில்லை.

சில வாரம் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. அதனால் அம்மா எனக்குத் தலை வாரிவிட்டார். பள்ளிக்கூடம் போகும்போது பின்னியதுபோலவே இறுக்கிப் பின்னுவார், கண்ணில் தண்ணீர் வரும். வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை. பந்தயம் இனி இல்லை என்று டாக்டர் சொன்ன அன்று மட்டும், சீப்பை வைத்துவிட்டு வெகுநேரம் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பின்னால் மெல்ல ஓடலாமா என்று பேசிப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மைதானம் இருக்கும் பக்கம் நான் இப்போது போவதில்லை.

குடும்பத்தில் எல்லாருக்கும் சோதனை செய்தார்கள். என்னிடம் இருந்த அதே மரபணுக் கோளாறு அப்பாவிடமும் இருந்தது. அவர் இதயத்தில் தடிப்பு சொற்பம்தான். ஒரே கோளாறு ஒருவரை இருபதில் கொண்டுபோகும், இன்னொருவரைக் கடைசிவரை தொடாமலே விட்டுவிடும், ஏன் என்று முழுதாகத் தெரியாது என்றார்கள். அப்பா அன்று வீட்டுக்கு வந்து சாமி மேடை முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"படத்தை எடுத்து அந்தப் பக்கம் மாட்டிடவா?" என்று கேட்டார்.

"எதுக்கு?" என்றார் அம்மா. "வியாதியில போனா முருகன் சேத்துக்க மாட்டாரா? அவர் இருக்குற இடத்துல இருக்கட்டும்."

அப்பா படத்துக்குப் பொட்டு வைத்தார். அதன் பிறகுதான், எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, தம்பிக்காக வாய்விட்டு அழுதார்.

போன மாதம் எங்கள் பேட்டைச் சமூக மன்றத்தில் உயிர்காக்கும் பயிற்சி நடந்தது. அப்பாதான் எங்கள் மூவர் பெயரையும் கொடுத்திருந்தார். ரப்பர் பொம்மையின் நெஞ்சில் இரண்டு கையையும் கோத்து வைத்து, முழங்கை மடங்காமல், ஆழமாக, வேகமாக அமுக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. சொல்லிக் கொடுத்த இளம் மலாய்க்காரப் பெண் எல்லாருக்கும் கொஞ்ச நேரம் வாய்ப்புத் தந்து, அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாவின் முறை வந்தது. முட்டிவலியோடு மண்டியிட்டு உட்கார்ந்து அமுக்க ஆரம்பித்தார். நன்றாகச் செய்தார். "வெரி குட் அங்கிள், போதும்," என்றார் அந்தப் பெண். அப்பா நிறுத்தவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது, மூச்சு வாங்கியது. அம்மா "என்னங்க," என்றார். அந்தப் பெண் குனிந்து அவர் தோளைத் தொட்டு, "ஓகே அங்கிள், கேன் ஸ்டாப் ஆல்ரெடி," என்றார்.

"ஆம்புலன்ஸ் இன்னும் வரல," என்றார் அப்பா, தமிழில், யாரையும் பார்க்காமல்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் போய் அப்பாவுக்கு எதிரில் மண்டியிட்டு, அவர் கைகள் தளரும்போது மாற்றிக்கொள்வதற்குத் தயாராக உட்கார்ந்தேன்.